டாக்டர் கட்டிலில் உட்கார்ந்த சாயங்காலம்

ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களை நினைத்து ஏங்குகிறவன் இலுப்பூரில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். வெளியே சொன்னால் மண்டையில் தட்டுவார்கள். ஆனாலும் மதியம் கடையைக் கழுவிவிடும்போது பினாயில் வாடை மூக்கில் ஏறினால் போதும், அந்த வார்டு கண்முன் வந்துவிடும். தலைக்கு மேல் கிறீச்சிடும் மின்விசிறி, பக்கத்துக் கட்டிலில் ஜமால் பாய், கஞ்சியை ஆற்றிக்கொண்டே என்னைத் திட்டும் என் அக்கா ஸ்டெல்லா, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை கேட்கும் கதிரேசன் டாக்டர். எங்கே சுற்றினாலும் நினைப்பு அந்த டாக்டரிடம்தான் போய் நிற்கிறது.

நான் பிரிட்டோ. சொந்த ஊர் ஆவூர் பக்கம். பத்தாம் வகுப்பில் கணக்கு என்னைக் கைவிட்டது, நானும் அதைக் கைவிட்டேன். இலுப்பூரில் பரோட்டா மாஸ்டர். கைலிக்கு மேல் பச்சை பெல்ட், தோளில் துண்டு. கல்லுக்கு முன்னால் நின்றுவிட்டால் கலெக்டர் வந்தாலும் வரிசையில்தான் நிற்கவேண்டும்.

அப்படி நிற்கும்போதுதான் ஒருநாள் குளிர் வந்தது. எதிரே நெருப்பு, எனக்குப் பல் தந்தியடிக்கிறது. முதலாளி எட்டிப் பார்த்தார்.

"என்னடா, அடுப்புக்கு முன்னாடி நின்னுக்கிட்டு நடுங்குற? பேய் கீய் அடிச்சிருச்சா?"

"ஒங்க சம்பளத்த நெனச்சேன் முதலாளி, நடுக்கம் வந்துருச்சு."

வலது தோள்பட்டை கொஞ்ச நாளாகவே வலித்துக்கொண்டிருந்தது. மாவு அடித்த வலி என்று தைலம் தேய்த்துவந்தேன். பிறகு வலது விலாவுக்குக் கீழே யாரோ கட்டை விரலை வைத்து அமுக்குவதுபோல் இருந்தது. இலுப்பூரில் ஊசி போட்டுக்கொண்டேன். காய்ச்சல் போகும், வரும். கடைசியில் இருமினால்கூட உயிர் போனது. அக்கா வல்லத்திராக்கோட்டையிலிருந்து ஓடிவந்தாள். அவள் வாழ்க்கைப்பட்ட ஊர் அது, மச்சான் வெளிநாட்டில். அம்மாவுக்கு முட்டி வலி. அப்பாவோ ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தாலே மயங்கி விழும் வீரர். அதனால் துணைக்கு அக்காதான்.

புதுக்கோட்டையில் ஒரு பழைய ட்ரஸ்ட் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். பெயர் வேண்டாம். நான் இன்னும் அங்கே மறுபார்வைக்குப் போகவேண்டியிருக்கிறது.

போன அன்றைக்கு ஸ்கேன் எடுக்க முடியவில்லை. ஸ்கேன் பார்க்கிற டாக்டர் நாலு மணி ஆனால் பூட்டைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். மாதச் சம்பளக்காரர், பத்துப் பேரைப் பார்த்தாலும் நாலு பேரைப் பார்த்தாலும் அதே சம்பளம். வலியோடு ஒரு ராத்திரி முழுக்கக் கிடந்தேன். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். பின்னால் நான் பழைய நாட்களைப் புகழும்போது இதையும் யாராவது ஞாபகம் வைத்திருக்கவேண்டும் அல்லவா.

மறுநாள் ஸ்கேன் பார்த்துவிட்டுக் கதிரேசன் டாக்டர் வந்தார். அறுவை சிகிச்சை டாக்டர். திருமயம் பக்கத்துக்காரர், நாற்பது வயதுக்குள் இருக்கும். நேராக வந்து கட்டிலில் என் கால்மாட்டில் உட்கார்ந்தார். டாக்டர்கள் உட்காருவார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"பிரிட்டோ, ஒன் ஈரல்ல சீழ் கட்டியிருக்குய்யா."

"எம்புட்டு சார்?"

"ஒரு தேங்கா மூடி அளவு இருக்கும்."

"சட்னிக்கு ஆகுமா சார்?"

அக்கா என் தலையில் நறுக்கென்று குட்டினாள். டாக்டர் சிரித்துவிட்டார். சிரித்து முடித்துப் பொறுமையாகச் சொன்னார். கெட்ட தண்ணீர் வழியாக அமீபா என்ற கிருமி குடலுக்குள் போகிறது. அங்கிருந்து ரத்தத்தோடு ஈரலுக்கு ஏறி, அதை அரித்துச் சீழாக்கிவிடுகிறது. ஈரல் வீங்கினால் தோளில் வலி தெரியுமாம். பள்ளிக்கூடத்தில் அமீபா படத்தைச் சரியாக வரையவில்லை என்று வாத்தியார் என்னை முட்டி போட வைத்திருக்கிறார். அது இத்தனை வருஷம் கழித்து என்னைத் தேடிவந்து கணக்குத் தீர்க்கும் என்று யார் கண்டது?

மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே விலா எலும்புகளுக்கு நடுவில் ஒரு மெல்லிய குழாயை இறக்கினார்கள். நுனி பன்றி வால் மாதிரி சுருண்டிருக்கும். உள்ளே போய்ப் பிடித்துக்கொள்ளும். மறுமுனையில் ஒரு பை. சீழ் அதில் இறங்கவேண்டும். முதல் நாள் இறங்கியதைப் பார்த்தேன். எங்கள் கடைச் சால்னாவின் அடி மண்டி அதே நிறம். இன்றுவரை நான் சால்னா தொடுவதில்லை. மாத்திரை போட்டால் வாயெல்லாம் பழைய ஆணியைச் சப்பியதுபோல் இரும்பு ருசி. அக்கா எலுமிச்சை ஊறுகாயை நாக்கில் தடவிவிடுவாள். பிறந்த பிள்ளை நாக்கில் சீனித் தண்ணீர்ச் சேனை வைப்பதுபோல ஒரு விரலால் தடவிவிட்டு, அதே விரலால் மூக்கைத் திருகுவாள்.

அந்த முதல் நாட்கள் அருமையான நாட்கள். டாக்டர் காலையில் வருவார், உட்காருவார், போர்வையை விலக்கிக் குழாயைத் தொட்டுப் பார்ப்பார், வயிற்றில் கை வைத்து அழுத்துவார். அழுத்திக்கொண்டே, "பரோட்டா லேயர் லேயரா வர என்னய்யா செய்யிற?" என்பார். நான் தொழில் ரகசியத்தைச் சொல்லமாட்டேன் என்பேன். அடுத்த கட்டிலில் ஜமால் பாய். கோட்டைப்பட்டினத்தில் போட்டில் போகிறவர். காலில் திருக்கை முள் குத்தி, சர்க்கரையும் இருந்ததால் புண் ஆறாமல் கிடந்தார். அவரிடமும் உட்காருவார். அவர் கடல் கதை சொல்ல ஆரம்பித்தால் டாக்டர் எழுந்திருக்கவே மாட்டார். வெளியே வரிசையில் நிற்கிறவர்கள் திட்டுவது வார்டு வரை கேட்கும். வராண்டாவில் நின்றவர்களுக்கு அது அருமையான நாளாக இருந்திருக்காது.

மாதம் பிறந்தது. எல்லாம் மாறியது.

முதலில் எங்களுக்குச் சொன்னது பாக்கியம் சிஸ்டர். ஊசி போடும்போது அவர் மனதில் இருப்பதெல்லாம் வெளியே வரும்.

"இனிமே டாக்டருங்களுக்கு மாசச் சம்பளம் பாதிதானாம். மிச்சம் எல்லாம் புள்ளிக் கணக்கு, புள்ளிக்கு ஏத்த காசு. ஒரு நோயாளியப் பாத்தா இம்புட்டு, ஸ்கேனுக்கு எழுதுனா இம்புட்டு, ஆப்பரேஷன் பண்ணுனா இம்புட்டு. புது நிர்வாகம்ல."

"ஊசி போடுற ஒங்களுக்கு எம்புட்டு சிஸ்டர்?"

"எனக்கு ஒன் வாயி. அதான் புள்ளி. திரும்பிப் படு."

நல்லதும் நடந்தது. ஸ்கேன் அறை ராத்திரி எட்டு மணி வரை திறந்திருந்தது. வெளியூர்க்காரர்கள் சாயங்கால பஸ்ஸுக்கே வீடு போனார்கள். வராண்டாவில் வரிசை சரசரவென்று நகர்ந்தது. என் முதல் ராத்திரியில் இந்தப் புள்ளிக் கணக்கு இருந்திருந்தால் நான் அப்படிக் கிடந்து துடித்திருக்கமாட்டேன்.

ஆனால் கதிரேசன் டாக்டர் உட்காருவது நின்றுபோனது. நடந்துகொண்டே வருவார், கால்மாட்டில் தொங்கும் அட்டையை எடுப்பார், பையில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று சிஸ்டரைக் கேட்பார். "எப்டி இருக்க? நல்லது." நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த கட்டில். நான் ஒரு நகைச்சுவையை யோசித்து வைத்திருப்பேன். அது அப்படியே ஊசிப்போகும்.

"பாய், நம்ம டாக்டரு சக்கரம் கட்டிக்கிட்டாரு பாத்தீங்களா?"

ஜமால் பாய் கூரையைப் பார்த்தபடி சொன்னார்: "எங்க போட்லயும் பங்குதான் தம்பி. மீன் விழுந்தா பங்கு, விழாட்டி பட்டினி. அதுல தப்பில்ல. ஆனா எங்களுக்கு மீனு கடல்ல கெடக்கு. இவுகளுக்கு மீனு கட்டில்ல கெடக்கு."

அதே சமயத்தில்தான் என் பையில் சீழ் இறங்குவதும் நின்றது.

முதல் நாள் பை காலியாக இருந்ததைப் பார்த்து அக்கா மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள். சீழ் தீர்ந்துவிட்டது என்று நினைத்தோம். சாயங்காலம் மறுபடி குளிர் வந்தது, கட்டிலே ஆடும் குளிர். ஸ்கேனுக்கு எழுதினார் டாக்டர். சீழ் அப்படியே இருக்கிறதாம், கொஞ்சம் கூடியும் இருக்கிறதாம். குழாய் சரியான இடத்தில்தான் நிற்கிறது, ஆனால் இறங்கவில்லை. ஒருநாள் விட்டு மறுபடி ஸ்கேன். இதில் ஒரு விசித்திரம்: ஸ்கேனுக்குப் போய்வந்தால் மட்டும் பையில் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

அக்கா அதைக் கவனித்துவிட்டாள். "ராசியான மெஷினுடா அது! அதுக்குக் கீழ போயி படுத்தாலே எறங்குது பாரு. டாக்டர், இன்னைக்கும் ஒரு ஸ்கேன் எழுதுங்களேன்."

டாக்டர் மறுக்கவில்லை. எழுதினார். ஏன் இறங்குகிறது என்று கேட்க அவர் நிற்கவில்லை. காப்பீட்டு அட்டைக்குள் எது அடங்கும், எது அடங்காது என்று அக்கா வராண்டாவில் ஆள் ஆளாகப் போய்க் கேட்டுக்கொண்டு நின்றாள். காதில் கிடந்த தோடு காணாமல் போயிருந்தது. கேட்டதற்கு, "காது அரிச்சுச்சு, கழட்டி வச்சிருக்கேன்" என்றாள்.

ஒரு காலையில் டாக்டர் அட்டையைப் பார்த்துவிட்டு, நின்றபடியே அக்காவிடம் சொன்னார்: "கொழா வேலை செய்யல. வயித்தத் தொறந்து சீழ எடுத்துரலாம். நாளைக்குக் காலைல வச்சுக்கலாம். கையெழுத்துப் போட்டுருங்க."

"தொறந்துட்டா எப்ப சார் நான் மாவு அடிக்கலாம்?" என்று கேட்டேன்.

"கனமெல்லாம் தூக்கக் கூடாதுப்பா. ஒரு ஆறு மாசம் போகட்டும்."

எனக்கு வயிற்றுக்குள் இருந்த அமீபாவே மறந்துபோனது. கடையில் எனக்குப் பதிலாக ஒருத்தனை நிறுத்தியிருந்தார் முதலாளி. ஆறு மாதம் போனால் அந்தக் கல் அவனுடையது. எனக்கு வேறு எந்த வேலையும் தெரியாது. மாவையும் சூட்டையும் தவிர இந்த உலகத்தில் என் கைக்குப் பழகியது ஒன்றுமில்லை. பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. அன்றைக்கும் நிற்கவில்லை.

"சார், வயித்தக் கிழிச்சா எத்தன புள்ளி?"

அக்கா கையை ஓங்கியவள் அடிக்காமல் அப்படியே நின்றாள். டாக்டரின் முகம் சிவந்தது. அட்டையைக் கொக்கியில் மாட்டப் பார்த்தார். அது மாட்டவில்லை, கீழே விழுந்தது. குனிந்து எடுத்து மாட்டிவிட்டுப் போனார்.

"அறுக்கப் போறவன்கிட்டப் போயி வாய் குடுத்தியே தம்பி," என்றார் ஜமால் பாய். "ஆட்டுக்குக்கூட அந்த அறிவு இருக்கும்."

அன்று மதியம் அக்கா என்னோடு பேசவில்லை. கஞ்சியை மட்டும் ஊட்டினாள். அவள் திட்டாமல் ஊட்டிய ஒரே கஞ்சி அதுதான்.

சாயங்காலம், வெளி நோயாளிகள் எல்லாரும் போனபிறகு, டாக்டர் வந்தார். வெள்ளைக் கோட்டு இல்லை. சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். வந்தவர் முன்பு போலவே என் கால்மாட்டில் உட்கார்ந்தார். கட்டில் அவர் பாரத்தில் முனகியது. அந்தச் சத்தத்தை எத்தனை நாளாகக் கேட்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"காலைல ஒண்ணு கேட்டியே."

"சும்மா வெளாட்டுக்கு சார். மன்னிச்சுக்கங்க."

"வெளாட்டு இல்ல. மத்தியானம் பூரா யோசிச்சேன். போன மாசம் இதே வயித்தப் பாத்திருந்தா தொறக்கலாம்னு சொல்லியிருப்பேனா, இல்ல ரெண்டு நாள் பொறுத்துப் பாப்பம்னு சொல்லியிருப்பேனா?" சட்டைக் கையை இன்னும் ஒரு மடிப்பு ஏற்றினார். "எனக்கே தெரியலய்யா. அதான் வந்தேன்."

பொய் சொல்லியிருந்தால் ஏதாவது கேலி செய்திருப்பேன். இதற்கு எனக்குக் கேலி வரவில்லை. என் கதையைச் சொன்னேன்.

"சார், எனக்கும் முன்னாடி நாள் கூலி. அப்பறம் முதலாளி ஒரு பரோட்டாவுக்கு இம்புட்டுன்னு மாத்துனாரு. மொத வாரம் பறந்தேன் சார். வரிசையே நிக்காது. ரெண்டாவது வாரத்துல பரோட்டா கொஞ்சம் சின்னதாச்சு. நான் வேணும்னு செய்யல, கை தானா சின்னதாப் பிய்ச்சுச்சு. மாவு ஊற நேரம் குடுக்கல. யாராச்சும் கொத்து பரோட்டா கேட்டா, இல்லண்ணே, கல்லு சூடு பத்தலம்பேன். கொத்துனா நேரம் போவும்ல."

"யாரும் சண்டைக்கு வரலையா?"

"வரல சார். பழகிருச்சு அவுங்களுக்கு. சண்டைக்கு வந்துருந்தா நானே திருந்திருப்பேன்."

டாக்டர் லேசாகச் சிரித்தார். "ஒழுங்கா செஞ்ச காலத்துல எப்டி அடிப்ப? காட்டு பாப்பம்."

அதற்குமேல் என்னைப் பிடிக்க முடியுமா? கீழே இறங்கி நின்றேன். போர்வையை எடுத்து மாவாக மடித்தேன். "இங்கிட்டு ஒரு வீச்சு சார், அங்கிட்டு ஒரு வீச்சு..." அக்கா, "டேய், கொழா, கொழா!" என்று கத்தினாள்.

"அதெல்லாம் பத்திரமா இருக்குக்கா. ஆடாது."

டாக்டரின் சிரிப்பு நின்றது. என் இடுப்பையே பார்த்தார்.

"பிரிட்டோ, அது என்னய்யா?"

"பெல்ட்டு சார்."

"அது தெரியுது. கொழா எங்கிட்டுப் போகுது?"

நான் பெருமையாகவே சொன்னேன். குழாய் இறக்கிய முதல் நாட்களில் எழுந்து நடக்கக்கூடாது என்றார்கள். பெல்ட் அக்காவின் பையில் இருந்தது. நடக்கலாம் என்று சொன்னதும் எடுத்துக் கட்டிக்கொண்டேன். செல்போன், சில்லறை எல்லாம் அதில்தான். வார்டில் திருட்டுப் பயம் வேறு. பாத்ரூம் போகும்போது குழாய் ஆடித் தையலை இழுத்தது. அதையும் மடித்துப் பெல்ட்டுக்குள் செருகி இறுக்கிவிட்டேன். பரோட்டா மாஸ்டருக்குப் பெல்ட்டில் இடமில்லாத பொருள் உண்டா?

"தூங்கும்போது?"

"கட்டித்தான் தூங்குவேன் சார்."

"ஸ்கேனுக்குப் போகும்போது?"

"அங்க கழட்டச் சொல்லிருவாங்க சார்."

டாக்டர் எழுந்து வந்தார். பெல்ட்டின் பொத்தான்களை அவரே படக் படக்கென்று கழற்றினார். குழாய் நடுவில் வைக்கோல் மாதிரி மடங்கி ஒட்டிப்போயிருந்தது. விரலால் நீவிவிட்டார். அக்கா பையைத் தாழ்த்திப் பிடித்தாள். சால்னா இறங்கியது. முதலில் சொட்டு, பிறகு ஓட்டம்.

"ராசியான மெஷினு!" என்று கட்டிலிலிருந்து ஜமால் பாய் கத்தினார். பாக்கியம் சிஸ்டர் ஓடிவந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். நான் சிரித்தேன். அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். டாக்டர் மட்டும் கையில் அந்தப் பச்சை பெல்ட்டை வைத்துக்கொண்டு மறுபடி கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"தெனம் ஒன் கால்மாட்டுல நின்னு அட்டையப் பாத்துட்டுப் போனேன்," என்றார். "போர்வைய வெலக்கல."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டீ வாங்கிட்டு வரவா சார்?" என்று கேட்டாள். அவர் குடித்தார். டீ ஆறும்வரை உட்கார்ந்திருந்து குடித்தார்.

மறுநாள் காலையில் ஆப்பரேஷன் இல்லை. அடுத்தடுத்த நாட்களில் அவரே வந்து உப்புத் தண்ணீரைக் குழாய் வழியாகச் செலுத்தி அடைப்பில்லாமல் பார்த்துக்கொண்டார். சில நாள் உட்காருவார். சில நாள் வெளியே கூட்டம் கத்தும், ஓடிவிடுவார். திருந்திய மகான் கதையெல்லாம் இல்லை. புள்ளிக் கணக்கு மாறவில்லை, அவருக்கும் வீடு இருக்கிறது. ஆனால் ஓடும் நாளிலும் என் போர்வையை ஒரு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஓடுவார். குளிர் விட்டது. தோள் வலி போனது. சோற்றில் சோற்று ருசி திரும்பியது.

வீட்டுக்குக் கிளம்பும் நாள் அக்கா பில்லை மேலும் கீழும் பார்த்தாள். கட்டில், ஊசி, ஸ்கேன், ஸ்கேன், ஸ்கேன்.

"ஏன்டா, பெல்ட்டக் கழட்டுனதுக்கு ஒண்ணுமே போடலையே?"

"அதுக்கு என்னான்னு பேரு போடுவாங்கக்கா?"

அவள் பில்லை மடித்துப் பைக்குள் வைத்தாள். தோடு மட்டும் இன்னும் திரும்பவில்லை. மீட்டுத் தருவேன்.

கல் எனக்கே கிடைத்தது. எனக்குப் பதிலாக நின்றவன் கையைச் சுட்டுக்கொண்டு போய்விட்டான். இன்னும் எண்ணிக்கைக் கூலிதான். கொத்து பரோட்டா கேட்டால் இப்போது போடுகிறேன், முணுமுணுத்துக்கொண்டே போடுகிறேன்.

போன மாதம் மறுபார்வைக்குப் போனேன். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்து, நல்லாயிருக்கு என்றார். வெளியே வந்தவனுக்குக் கால் தானாக வார்டுக்குப் போனது. அதே பினாயில், அதே மின்விசிறி. ஜமால் பாய் கால் ஆறி எப்போதோ ஊருக்குப் போய்விட்டாராம். என் கட்டிலில் வேறு ஒரு ஆள், கீரனூர்ப் பக்கமாம். விலாவிலிருந்து குழாய், கீழே பை. பை காலி.

எனக்குப் பொறுக்கவில்லை. போர்வையைத் தூக்கிவிட்டேன். ஆள் அலறிவிட்டார்.

"யாருய்யா நீ!"

"பயப்படாதீங்கண்ணே. பெல்ட்டு கிட்டு போட்டுருக்கீங்களான்னு பாத்தேன்."

பெல்ட் இல்லை. குழாய் நேராகத்தான் இருந்தது. உண்மையாகவே சீழ் தீர்ந்திருக்கிறது போல. அதற்குள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். எந்த ஊர், என்ன வேலை, மாத்திரைக்கு வாய் கசக்குதா, ஊறுகாய் இருக்கா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பாக்கியம் சிஸ்டர் தட்டோடு வந்து நின்றார்.

"டேய், ஒன்னத்தான் வீட்டுக்கு அனுப்பியாச்சுல்ல? இங்க வந்து யாரு கட்டில்ல ஒக்காந்துருக்க? எம்புட்டு நேரம் ஒக்காந்துருப்ப?"

"எனக்கு யாரு சிஸ்டர் புள்ளி போடப் போறா?" என்றேன். "நான் ஒக்காருவேன்."

சிஸ்டர் திட்ட வாயெடுத்தார். பிறகு தட்டை ஜன்னலில் வைத்துவிட்டு, ஊசியை அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்பதுபோல் அவரும் கட்டிலின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார்.